அண்ணி சேமிக்காத பக்கம்

எழுதியதைச் சேமிக்காமல் மூடிவிட்டுத் தலையில் கை வைக்கிறவர்கள் உங்கள் ஸ்டேஷனிலும் இருப்பார்கள், ரெஜினா மேடம். செங்கல்பட்டில் நான் லேப் அசிஸ்டென்டாக இருக்கும் கல்லூரியில் வாரத்துக்கு நாலு பேர் அழுதுகொண்டு வருவார்கள். பெரும்பாலும் போயிருக்காது. வேர்டு தானாகவே ஒரு பிரதி எடுத்து ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கும். இடம் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

எனக்கு இடம் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பத்தாவதோடு நின்று, சிறுசேரிக்கு ஸ்டாஃப் வண்டி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவன் அண்ணன் பார்த்திபன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. லேபில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் குரலை உயர்த்தினாலே வெளியே தள்ளுகிறவள் நான். கல்லூரியின் பெண்கள் புகார்க் குழுவில் என் பெயரும் உண்டு.

அதனால்தான் அண்ணி சுஜாதா என்னிடம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் குளிக்கப் போயிருந்த நேரம்.

"பாப்பா, நேத்து உன் லேப்டாப்ல ஒண்ணு அடிச்சேன். வூட்ல யாரு கண்லயாவது பட்டுடப் போவுதுன்னு சேவ் பண்ணாம மூடிட்டேன். இப்ப வோணும். வருமா?"

"இன்னா அண்ணி, லவ் லெட்டரா?"

"ஆமா, உங்க அண்ணனுக்கு." சிரித்தாள். உதட்டோரம் வெடித்திருந்ததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். "நாளைக்குத் திருக்கழுக்குன்றம் போயி பிரின்ட் எடுக்கணும். நீ படிச்ச பொண்ணு, உன்னாண்ட மறைக்கிறதுக்கு இன்னா கீது."

அவள் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள், இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. உங்கள் மகளிர் காவல் நிலையத்துக்கு எழுதிய ஒன்றரைப் பக்கம். பன்னிரண்டாவது படித்தவள், ஒரு பிழை இல்லை. அண்ணன் எந்த நாளில் எதை எடுத்து அடித்தான் என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். ஒரு வரியில் நானும் இருந்தேன். 'என் நாத்தனாருக்கு எல்லாம் தெரியும். அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.'

கூட்டி வைப்பது உண்மைதான். மறுநாள் வேலைக்குப் போகிறவளுக்கு வேறு என்ன வழி? ஆனால் அந்த வரி வெளியே போனால் புகார்க் குழுவில் நான் எந்த முகத்தோடு உட்காருவது?

"வரல அண்ணி. போனது போனதுதான்," என்றேன்.

"போவட்டும் வுடு. மத்தியானம் மறுபடி அடிச்சிக்கிறேன்."

மறுபடி அடிப்பாள் என்பதால்தான் அண்ணனிடம் போக வேண்டியதாயிற்று. நாஸ்தா தின்றுகொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. படித்து முடித்துக் கையைக் கழுவினான்.

"நீ காலேஜிக்குக் கெளம்பு. பஸ்ஸு போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்லூரி இல்லை என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கிளம்பினேன். மாமல்லபுரத்தில் இறங்கி மதியம் வரை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சுண்டல்கூட வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது கிணற்றடியில் கூட்டம். அண்ணியை மேலே எடுத்து, பாயில் கிடத்தியிருந்தார்கள். மறுநாள் உங்களுக்கு அவளுடைய கடிதம் என்று ஒன்றை லேப்டாப்பில் காட்டினேன். தற்கொலை என்று கோப்பை மூடினீர்கள்.

அன்றிலிருந்து லேபில் யாருடைய பக்கத்தை மீட்கப் போனாலும் இடது ஓரத்தில் அவளுடையதும் வருகிறது. அழித்தேன். வந்தது. வேறு மெஷினுக்கு மாறினேன். அங்கேயும் வந்தது. போன வாரம் ஷபானா என்ற மாணவியின் ப்ராஜெக்டைத் தேடும்போது திரை நடுவில் 'டிவி சத்தத்தை' என்று நின்றது.

"இன்னா மிஸ் அப்படிப் பாக்குறீங்க? ஒண்ணுமே இல்லியே, காலியாத்தான கீது," என்றாள் அவள்.

அதற்காகத்தான் வந்தேன். லேப்டாப் இதோ. முழுப் பக்கமும் இதில் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் என்னிடம் வராது என்று நினைக்கிறேன்.

அண்ணி எழுதியிருந்த கடைசி வரி, 'என் சாவுக்கு யாரும் காரணம் இல்லை என்று இவர்கள் சொன்னால் நம்பாதீர்கள்.' மேலே இருந்த ஒன்றரைப் பக்கத்தை வெட்டினேன். இந்த வரியின் கடைசி நாலு சொல்லை வெட்டினேன். மிச்சமிருந்த ஐந்து சொல்தான் நீங்கள் படித்த கடிதம். நானாக ஓர் எழுத்தும் சேர்க்கவில்லை. பொய் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை, மேடம்.