வழுக்கிய பிரேக்கும் சுவரில் தொங்கும் ஐந்து சொற்களும்

வானேணி லிஃப்ட்ஸ் நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் திரு. லாயிட் அவர்களே, என்னைத் தொலைபேசியில் துரத்தித் துரத்தி இந்த மேடையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் மனிதவளத் துறைக் கிருத்திகா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே, சமையலை முடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, பஸ்ஸில் நின்றபடியே ஹெப்பகோடி வரை வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓடுகிற, ஓடி உழைக்கிற, உழைத்த பிறகும் திட்டு வாங்குகிற மெக்கானிக் தம்பிகளே, அந்தத் திட்டை முதலில் காதில் வாங்கிக்கொள்ளும் தொலைபேசிப் பிரிவுத் தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

என் பெயர் அன்னா சில்வெஸ்டர். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர். என் கணவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நேரம் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். என் நேரம் நன்றாகப் போகிறது. உங்கள் நேரம்தான் போய்க்கொண்டிருக்கிறது. தொலைபேசிப் பிரிவில் சிலர் சிரிக்கிறீர்கள். ஆமாம், அதே குரல்தான்.

கிருத்திகா அழைத்தபோது நான் கேட்டேன், "ஏம்மா, உங்க கம்பெனி வேல்யூஸ் பத்திப் பேச உங்க கம்பெனியில ஆளே இல்லையா?"

"இருக்காங்க மேடம். ஆனா எல்லாரும் நல்லாதான் இருக்குன்னு சொல்லுவாங்க."

அந்த ஒரு வாக்கியத்தின் நேர்மைக்காகவே வந்தேன்.

இதோ, என் பின்னால் ஐந்து சொற்கள், பொன்னெழுத்துகளில் பளபளக்கின்றன. நேர்மை, பாதுகாப்பு, பணிவு, வேகம், வாடிக்கையாளர் மகிழ்ச்சி. அழகு. ஆனால் பலகை சரிந்திருக்கிறது. என்னைப் படிக்கவைத்த கன்னியாஸ்திரீகள் சரிந்த படத்துக்குக் கீழே நின்று பாடம் நடத்தியதே இல்லை. யாராவது எழுந்து வந்து... நன்றி ஐயா, கணக்குப் பிரிவா நீங்கள்? இடது மூலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இன்னும் கொஞ்சம். போதும். இப்போது பேசலாம்.

சுவரில் தொங்கும்வரை இந்த ஐந்து சொற்களும் கல்யாண போட்டோவில் நிற்கும் சொந்தக்காரர்களைப் போலத் தோளோடு தோள் உரசிச் சிரிக்கும். சுவரை விட்டு இறங்கி வேலை நாளுக்குள் வந்து பார்க்கட்டும். ஒன்றின் தலைமுடியை இன்னொன்று பிடித்து இழுக்கும். அப்படி இழுத்த ஒரு நாளை நான் கண்ணால் பார்த்தேன்.

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஐந்தாவது மாடி ஃபாத்திமாவின் மகள் கேரலுக்கு நிச்சயதார்த்தம். மொட்டை மாடியில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்டின் டவுனிலிருந்து வருகிறார்கள். லிஃப்ட் நிற்கும் இடம் சரியில்லை என்று காலையிலேயே நான் புகார் செய்திருந்தேன். உங்கள் மெக்கானிக் கணேசமூர்த்தி வந்தார். எதற்கும் தாமதமாக வருவார், வந்தால் சுவரில் கிரீஸ் தடவுவார், கிரிக்கெட்டைப் பற்றி என்னிடமே வாதாடுவார். பணிவு என்ற சொல்லுக்கும் அவருக்கும் இன்னும் சரியாக அறிமுகம் ஆகவில்லை. அதோ, தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள்.

லிஃப்டை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தவர், மெயின் சுவிட்சை அணைத்தார். சிவப்புப் பலகையை மாட்டினார். சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பிரேக் வழுக்குது மேடம். நிக்க வேண்டிய இடத்துல நிக்காம ஒரு சாண் தள்ளி நிக்குது. ஆள் நிறைய ஏறினா எங்க நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. பார்ட்ஸ் நாளைக்குத்தான் வரும்."

அதே நேரத்தில் வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. பட்டுப் புடவைகள், பழத் தட்டுகள், பிரியாணி தேக்சாக்கள், முட்டி வலிக்காரர்கள்.

ஃபாத்திமா ஓடிவந்தாள். "கணேசு, இன்னிக்கு ஒரு நாள்பா. என் மானத்தை வாங்காத."

எங்கள் காவலாளி கிருஷ்ணப்பா தன் பங்குக்கு, கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யுங்கள் என்ற இந்த ஊரின் தாரக மந்திரத்தைக் கன்னடத்தில் சொன்னார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, சார்."

மாப்பிள்ளையின் அத்தை பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். "பொண்ணு எடுக்க வந்த அன்னிக்கே லிஃப்ட் பாதியில நிக்குது. வாழ்க்கை எப்படிப் போகுமோ."

கணேசமூர்த்தி சொன்னார், "நின்னா பரவாயில்லைங்கக்கா. நிக்காம போறதுதான் பிரச்சினை."

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஃபாத்திமா நேராக நிர்வாக இயக்குநரையே தொலைபேசியில் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் திரு. லாயிட்டின் குரல் வந்தது. ஐயா, இதைச் சொல்ல உங்களிடம் முன்பே அனுமதி வாங்கிவிட்டேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

"கணேசமூர்த்தி, நாலு நாலு பேரா ஏத்தி இன்னிக்கு ஓட்டிடு. கஸ்டமர் ஹாப்பியா இருக்கணும்."

"முடியாது சார்."

"நான் சொல்றேன்ல."

"பாதுகாப்புன்னும் நீங்கதான் சார் எழுதி மாட்டியிருக்கீங்க."

"அப்போ நாளையிலேருந்து வேலைக்கு வராத. சாவியை மேடம் கையில குடுத்துட்டுக் கிளம்பு. நான் வரேன்."

வேலை போய்விட்டது. இங்கே மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் மனைவி சிந்துவும் அவரும் அந்த மாதம்தான் ஹெப்பகோடியில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடிவந்திருந்தார்கள். நான் கையை நீட்டினேன். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. "குடுத்தா யாராச்சும் போட்டுடுவாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். என்னையே நம்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மனதுக்குள் அவருக்கு மதிப்பெண்ணும் போட்டேன்.

திரு. லாயிட் கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் சொன்னேன், "வாங்க லாயிட். சுவிட்சைப் போடச் சொல்லலாம். முதல்ல நீங்க ஏறுங்க. அடுத்து நான். அப்புறம் கல்யாணப் பொண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். லிஃப்டைப் பார்த்தார். கதவருகே போய் ஒரு காலை உள்ளே வைத்தார். அந்தக் காலை மெதுவாக வெளியே எடுத்துவிட்டார்.

அவருக்கு லிஃப்ட் தெரியாதா? தெரியும். கணேசமூர்த்திக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பாதுகாப்பு என்ற சொல் தெரியாதா? அந்தச் சொல்லைப் பலகையில் எழுதச் சொன்னவரே அவர்தான். பிறகு எங்கே தவறியது? வாடிக்கையாளர் மகிழ்ச்சி ஒரு பக்கம் இழுத்தது, வேகம் இன்னொரு பக்கம் இழுத்தது, நடுவில் பாதுகாப்பு நசுங்கியது. ஐந்தில் எது முதலில் என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்து வைக்கவில்லை. ஒரு மெக்கானிக் மட்டும் முடிவு செய்து வைத்திருந்தார்.

திரு. லாயிட் சொன்னார், "கணேசு, சாவி உன் பாக்கெட்லயே இருக்கட்டும். நாளைக்கு வேலைக்கு வா." கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "தேக்சா எங்க இருக்கு?"

அன்று ஐந்து மாடியும் பிரியாணியைச் சுமந்தது இந்த நிறுவனம். ஹெப்பகோடியிலிருந்து பைக்கில் பறந்து வந்தீர்களே, அந்த மெக்கானிக்குகள் இங்கே இருக்கிறீர்கள். தொலைபேசிப் பிரிவுத் தமயந்தி விடுமுறையை விட்டுவிட்டு வந்து, மாடிக்கு மாடி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முட்டி வலிக்காரர்களை உட்காரவைத்து ஏற்றினார். அந்த அத்தையை நாற்காலியோடு தூக்கியவர்கள் லாயிட்டும் கணேசமூர்த்தியும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அத்தை மேலிருந்தபடியே ஆணையிட்டார், "தம்பிங்களா, நீங்களாச்சும் நிக்க வேண்டிய இடத்துல நில்லுங்க."

வாடிக்கையாளர் மகிழ்ச்சி எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? அது மொட்டை மாடியில் இரண்டாவது முறை பிரியாணி கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

அன்பார்ந்தவர்களே, 'கொஞ்சம் அட்ஜஸ்ட்' என்பது இந்த ஊரின் இனிய குணம். பஸ் சீட்டில் நகர்ந்து இடம் கொடுங்கள், அது அழகு. பக்கத்து வீட்டு மேளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அது பெருந்தன்மை. பிரேக்கோடு அட்ஜஸ்ட் செய்யலாமா? பழைய உதிரிபாகத்தைத் துடைத்துப் புதியது என்று மாட்டலாமா? தங்கைகளே, இன்னும் அலுவலகத்தை விட்டே கிளம்பாத மெக்கானிக்கை "சில்க் போர்டு சிக்னல் தாண்டிட்டார் மேடம்" என்று என்னிடம் சொல்லலாமா? சிரிப்பு பலமாக வருகிறதே. எத்தனையோ முறை அவர் சில்க் போர்டைத் தாண்டினார். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. "இன்னும் கிளம்பலை மேடம், ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொல்லுங்கள். நான் திட்டுவேன். திட்டிவிட்டு நம்புவேன். நேர்மைக்குப் பொன்னெழுத்து தேவையில்லை. அந்த ஒரு பதில் போதும்.

உங்கள் மதிப்புகள் இந்த மேடையில் வாழ்வதில்லை. முதலாளி கோபப்படும்போது வாழ்கின்றன. வாடிக்கையாளர் கெஞ்சும்போது வாழ்கின்றன. யாருமே பார்க்காத மெஷின் அறையில், ஒரு போல்டை இன்னொரு சுற்று முடுக்கலாமா வேண்டாமா என்று கை தயங்கும் அந்த ஒரு நொடியில் வாழ்கின்றன, அல்லது அங்கேயே செத்துப்போகின்றன.

கடைசியாக ஒன்று. இந்த மண்டபம் நான்காவது மாடியில் இருக்கிறது. இன்று மாலை கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் கணேசமூர்த்தி நின்றிருந்தார். வழக்கம்போல் கையில் கிரீஸ்.

"போகலாமா?" என்று கேட்டேன்.

"போகலாம் மேடம்" என்றார்.

இரண்டாவது கேள்வி கேட்காமல் ஏறிவிட்டேன். நான், தர்மாமீட்டரைக்கூட இரண்டு முறை வைத்துப் பார்க்கிற நான், ஏறிவிட்டேன். ஏன்? வேலை போனாலும் 'போகக் கூடாது' என்று சொன்ன வாயிலிருந்து வந்த 'போகலாம்' அது. இந்த ஊரில் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கலாம். எங்கள் சங்கம் உங்களையே தொடர்ந்து வைத்துக்கொள்ள முடிவு செய்தது அந்த ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல்லைப் பலகையில் எழுத முடியாது. தினமும் சம்பாதிக்கத்தான் முடியும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டிருந்தாலும் புன்னகைத்த திரு. லாயிட்டுக்கும், பலகையை நிமிர்த்திய கணக்குப் பிரிவு ஐயாவுக்கும், அந்தச் சாவியை என்னிடம் கொடுக்காத கணேசமூர்த்திக்கும் என் நன்றி. கீழே போகும்போதும் லிஃப்டிலேயே போகிறேன். எல்லாரும் நலமாக ஏறி, நலமாக இறங்குங்கள். வணக்கம்.