பதினொரு அசல்கள்

பொம்மைகளின் மேல் படியும் தூசியைத் துணியால் துடைக்கக் கூடாது, ராதாகிருஷ்ணன் அண்ணே. பெண்கள் கன்னத்தில் பவுடர் பூசப் பயன்படுத்தும் தூரிகைதான் அதற்குச் சரி. கிள்ளானில் எங்கள் ஜவுளிக்கடைக்குப் பக்கத்துக் கடையில் நான் அதை வாங்கப் போகும்போதெல்லாம் அங்கிருக்கும் பெண், "யாருக்கு பாஸ், வைஃபுக்கா?" என்று கேட்பாள். "முப்பது பேருக்கு" என்பேன். இன்றுவரை அது நகைச்சுவை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏன் செய்தேன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. உங்கள் அக்கா குமுதாவைப் பற்றிப் பேசுவது எப்போதுமே எனக்குப் பிடிக்கும்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லாரும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பார்த்து, அவற்றில் வரும் பாத்திரங்களின் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். ரொட்டி சானாய்த் தட்டுகளை எடுத்து மேசையைத் துடைத்த பிறகு, ஆளுக்கொரு பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்போம். உரியவர் "தொடலாம்" என்று சொல்லும்வரை யாரும் கை வைக்க மாட்டோம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்போம். பரோட்டாக் கடையில் பன்னிரண்டு பெரியவர்கள் அப்படி நிற்பதைப் பார்த்து, மேசைக்கு அடியில் ஏதோ பாம்பு புகுந்துவிட்டது என்று ஒருவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

அந்தக் குழுவுக்கு அக்காதான் நீதிபதி. யாராவது பொம்மை வாங்கப் போனால் முதலில் அக்காவுக்குப் படம் அனுப்புவார்கள். அசல் என்றால் ஒரு கட்டைவிரல் வரும். நகல் என்றால், "துணியப் போட்டு மூடு லா" என்று வரும். அதற்கு மேல் விளக்கம் கேட்டால், "கண்ணு சொல்லுது, நான் என்ன செய்ய" என்பார். ஒருமுறை குழுவில் உள்ள அம்மார் புதிதாக வாங்கியதை மேசையில் வைத்தபோது, அவன் பெட்டியை முழுதாகத் திறப்பதற்குள் அக்கா அவனுக்கு ஆறுதலாக ஒரு தே தாரிக் டீ சொல்லிவிட்டார்.

அந்தக் கண்தான் அவருக்குச் சோறு போட்டது என்பது உங்களுக்கே தெரியும். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம், கார் விளக்குகளின் மேல்மூடியைப் பார்த்துக் கீறல் இருக்கிறதா என்று சொல்லும் வேலை. ஒரு மூடிக்கு ஆறு வினாடி. அந்த வேகத்துக்கு அங்கே வேறு ஆள் இல்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

ஆனால் பொம்மைகளை வைப்பதில் அவருக்குப் பொறுப்பு போதாது. அவருடைய பூச்சோங் வீட்டில் அலமாரி மேற்குச் சன்னலை ஒட்டி நிற்கிறது. மூன்று மணிக்கு மேல் நேர் வெயில். பிளாஸ்டிக் மஞ்சளாகும், சாயம் வெளுக்கும். மூன்று தடவை சொன்னேன். "அதுங்களும் கொஞ்சம் வெயில் பாக்கட்டும் தம்பி, பாவம், ஜப்பான்ல குளிர்ல இருந்து வந்துதுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடத் தைப்பூசத்துக்கு அவர் பத்துமலையில் பால்குடம் எடுக்கப் போனார். அங்கே தோழி வீட்டில் இரண்டு நாள் தங்கல். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தண்ணீரைத் தினமும் கொட்டச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். அன்றுதான் ஹினோரி என்ற பொம்மையைச் சரியாகப் பார்த்தேன். தொடரில் விண்மீன்களுக்குக் கடிதம் கொண்டுபோகும் பெண். தோளில் பை, கழுத்தில் ஆரஞ்சு நிறத் துண்டு. வெயில் பட்ட பக்கத்தில் அந்தத் துண்டு பப்பாளித் தோல்போல வெளிறத் தொடங்கியிருந்தது. அவளை அந்த வெயிலில் அப்படியே விட்டுவைக்க என்னால் முடியவில்லை.

நான் திருடன் இல்லை. வெறும் இடத்தை விட்டுவிட்டு வந்தால் அக்கா மனம் உடைந்துபோவார். அதனால் முதல் நாள் எதையும் தொடாமல் போய், என்னிடம் இருந்த ஓர் உயர்தர நகலை எடுத்துக்கொண்டு மறுநாள் வந்து மாற்றி வைத்தேன். அதன் கண்களை இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியின் கீழ் நானே மறுபடி தீட்டியிருந்தேன். ஆரஞ்சுத் துண்டையும் ஒரு பக்கம் வெளுக்க வைத்தேன். வாங்கிய தேதியைப் பீடத்தின் அடியில் பென்சிலால் எழுதுவது அக்காவின் பழக்கம். எட்டை இரண்டு தனித்தனி வட்டமாகப் போடுவார். அதையும் அப்படியே எழுதினேன். உண்மையைச் சொன்னால், அந்த வேலை எனக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது. கடையில் பட்டுப் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது பாட்டு முணுமுணுத்தேன் என்று என் தங்கை நாஜியா கேலி செய்தாள்.

சாவியை அக்கா திரும்பக் கேட்கவில்லை. பதினான்கு மாதத்தில் பதினொரு பொம்மைகளை வெயிலிலிருந்து எடுத்துவிட்டேன்.

முதல் வாரத்திலேயே அக்கா போன் செய்தார். "தம்பி, ஹினோரி மூஞ்சி மாறியிருக்கு. ஏதோ கோவமா பாக்குறா." நகலின் இடது புருவம் ஒரு மயிரிழை கீழே இருந்தது. நான் பூதக்கண்ணாடி வைத்துத் தீட்டியதை அவர் வெறுங்கண்ணால் பிடித்துவிட்டார். எனக்கு மரியாதைதான் வந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா, கண்ணு களைச்சிருக்கும்" என்றேன். குழுவுக்குப் படம் அனுப்பினார். "சேம் லா அக்கா" என்று பதினொரு பேரும் சொன்னார்கள். அந்தப் பதினொருவரில் நானும் ஒருவன். மற்ற பத்துப் பேர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தெரியவே இல்லை.

அடுத்தடுத்து ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தார். ஒன்றின் விரல் நகம், ஒன்றின் காலணி மினுமினுப்பு. ஒவ்வொரு தடவையும் நான் பொறுமையாகப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்றேன். கண் மருத்துவர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்ப எங்கடா கோளாறு?" என்று கேட்டார். நான் தலையைத் தொட்டுக் காட்டினேன். சும்மா விளையாட்டாகத்தான். ஸ்கேன் எடுக்கப் போன அன்று நான்தான் காரில் கூட்டிப்போனேன், வழியில் பிரியாணியும் வாங்கிக் கொடுத்தேன்.

வேலையில் தடுமாற ஆரம்பித்தார். ஆறு வினாடி பன்னிரண்டானது. ஒரே மூடியை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். நல்லதை ஒதுக்கிவிட்டு, ஒதுக்கியதை எடுத்துப் பார்த்து அழுவாராம். மேலாளர் நல்ல மனிதர், ஒரு மாதம் ஓய்வு எடுக்கச் சொன்னார்.

அந்த ஓய்வில்தான் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் என் வீட்டுக்கு வந்தார். என் அறையில் சன்னல் கிடையாது. குளிர்சாதனம் இருபத்து நான்கில் ஓடும். அலமாரியைத் திறந்து வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்தார். ஹினோரிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"நுஃமான். இவதான். இந்த மூஞ்சிதான்டா."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பொய்யாகச் சொல்ல முடியாது. ஒரு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. அவர் பொம்மையை எடுத்துப் பீடத்தைத் திருப்பியிருந்தால் தன் கையெழுத்தையே பார்த்திருப்பார். ஆனால் நான் "தொடலாம்" என்று சொல்லவில்லை. சொல்லாமல் தொடுகிறவர் இல்லை அக்கா.

"உங்ககிட்ட இருக்கறதும் இதும் ஒரே மாதிரிதான்க்கா" என்றேன். "நானும் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன், ஒரே பேட்ச். ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல."

அக்கா மெதுவாகக் கேட்டார்: "நெசமாவா? உனக்கு ரெண்டும் ஒண்ணாவா தெரியுது?"

"ஒண்ணாத்தான்க்கா."

"சரிடா" என்றார். மறுநாள் வேலையை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் அலமாரி மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். குழுவில் யாராவது படம் அனுப்பினால் இப்போது பதில் சொல்வது நான்தான். அக்காவே அப்படிச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப்போகிறேன். பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன். அவருக்கு அது தேவையில்லை. ஆனால் தேவை என்று அவர் நினைக்கிறார்.

அந்த உபகாரத்துக்குத்தான் ஈப்போவிலிருந்து லட்டுப் பெட்டியோடு நன்றி சொல்ல வந்தீர்கள். உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. "இதுதானா அக்கா சொல்ற பொம்மை" என்று ஹினோரியைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினீர்கள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அண்ணே, முடி அவ்வளவு மெல்லியது. அப்புறம்தான் நீங்கள் எழுத்தைப் படிப்பதைக் கவனித்தேன். இரண்டு தனி வட்டமாக எட்டு. அதை அழிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் நேரம் இருந்தது. அசல் பீடத்தில் அழிப்பான் பட்டால் வழவழப்பு போய்விடும், அதனால் விட்டுவைத்தேன்.

நீங்கள் கேட்டதை மறைக்காமல் எழுதியாயிற்று. பதினொன்றையும் எடுத்தது நான். அக்காவின் கண்ணிலும் மூளையிலும் எந்தக் கோளாறும் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் சரி. அது எனக்கு முதல் போன் வந்தபோதே தெரியும்.

பொம்மைகளை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதை அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு சிரமப்பட்டு இப்போதுதான் அவர் என்னை முழுதாக நம்பப் பழகியிருக்கிறார். இந்த நேரத்தில் போய் அவர் மனதைப் புண்படுத்துவது நியாயமில்லை.