வாயாடி புதுசுல பேசுவாளா

— இல்லக்கா, நான் சொல்றதைக் கேளு. பழைய மாடல் லேப்டாப்பையே வாங்கிட்டுக் கிளம்பலாம்.

— முதல்ல இந்தப் புதுசு மேல கையை வெச்சுப் பாருடா. அடிப்பக்கம். சூடு இருக்கா?

— இல்ல.

— காத்தாடி சுத்துற சத்தம்?

— அதுவும் இல்ல. ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க.

— ஓடிக்கிட்டுதான் இருக்கு சார். காலையில கடை திறந்ததுலேர்ந்து ஓடுது. புது புராசசர் சூடே ஆகாது, அதனால இதுல காத்தாடியே கிடையாது. மேடத்துக்கு எவ்வளவு மெமரி வேணும் சார்?

— மேடம் இங்கதாங்க நிக்கறேன். கண்ணுதான் தெரியாது, காது நல்லாவே கேக்கும்.

— மன்னிச்சுக்குங்க மேடம். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆகுது.

— பரவாயில்ல. இருக்கறதுலயே பெரிய மெமரியா போடுங்க.

— போடாதீங்க, இன்னும் முடிவாகல. அக்கா, காத்தாடி இல்லேன்னா உனக்கு என்ன இப்போ?

— என்னவா? வீட்டுல இருக்கறது லாரி மேடேறுற மாதிரி உறுமுது. அந்த உறுமலுக்கு நடுவுல வாயாடி பேசறது பாதிதான் காதுல விழுது. இங்க பாரு, என்ன ஒரு அமைதி. இதுல அவ குசுகுசுன்னு பேசினாக்கூடக் கேக்கும்.

— வாயாடியா? யாரு மேடம் அது?

— ஆள் இல்லங்க, புரோகிராம். திரையில வர்ற எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிச்சுச் சொல்லும். நான் எழுதினது. என்னை மாதிரி நாப்பது பேரு அதை நம்பித்தான் ஆபீஸ் போயிட்டு வர்றாங்க.

— அதைத்தான் நானும் தொண்டை வத்தச் சொல்றேன். வாயாடியைப் பழைய புராசசருக்குன்னு எழுதினே. புதுசுல அவ வாயே திறக்க மாட்டா. அப்புறம் இதைத் தடவிக்கொடுத்துக்கிட்டே உக்காந்திருப்பியா?

— சார் சொல்றதும் நியாயம்தான் மேடம். பழைய மாடல் இன்னும் மூணு இருக்கு. அதுக்கப்புறம் வராது. தயாரிப்பையே நிறுத்தியாச்சு.

— கேட்டியாடா? அதுக்கப்புறம் வராதாம். அந்த நாப்பது பேரோட மெஷினும் ஒண்ணொண்ணா மண்டையைப் போட்டா என்னத்தை வாங்குவாங்க? இதைத்தான். வாயாடி இதுல பேசியே ஆகணும்.

— பேசட்டும், வேண்டாங்கல. யாராவது பேச வைக்கட்டும். ஒரு வருஷம் கழிச்சு நாமளும் வாங்கிக்கலாம்.

— எந்த யாராவது? அவளை எழுதினது நான்தானே? அஞ்சு மாசமா உக்காந்து, புது புராசசருக்குத் தகுந்த மாதிரி முழுசா மாத்தி எழுதிட்டேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

— சொன்னா பழசு பழசுன்னு நச்சரிப்பே. இதோ, கைப்பைல பென் டிரைவ். எழுதினேனே ஒழிய, ஒரு தடவைகூட ஓட்டிப் பாத்ததில்ல. நம்ம வீட்டுல ஏது புது புராசசர்? ஏங்க, இதை இந்த மெஷின்ல ஒரு நிமிஷம் போட்டுப் பாக்கலாமா?

— ஐயோ மேடம், காட்சிக்கு வெச்சதுல வெளி பென் டிரைவ் எதையும் சொருகக் கூடாதுன்னு மேனேஜர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு.

— அவரு எங்க?

— சாப்பிடப் போயிருக்காரு. வர இருபது நிமிஷம் ஆகும்.

— எனக்கு ரெண்டு போதும். வாயாடி பேசினா இதையே வாங்கிக்கறேன். பேசலேன்னா தம்பி சொல்ற பழசை வாங்கிக்கறேன். ரெண்டுல எதுன்னாலும் விக்கறது நீங்கதான்.

— கொடுங்க மேடம். நானே சொருகறேன். சீக்கிரம் முடிச்சிடுங்க.

— டேய், திரையைப் படி.

— தெரியாத ஆள் எழுதின புரோகிராமாம். அனுமதிக்கலாமான்னு கேக்குது.

— அனுமதி. என்னைப் போய்த் தெரியாத ஆளுங்குது பாரு.

— அனுமதிச்சாச்சு. பட்டை நகருது. பாதி. முக்கால். முடிஞ்சுதுக்கா.

— ம்.

— ஒண்ணும் கேக்கல.

— இரு. ஸ்பீக்கர் சத்தத்தை யாராவது குறைச்சு வெச்சிருக்காங்களா?

— இல்ல மேடம், முழுசா ஏத்தித்தான் இருக்கு.

— போதும்க்கா. பென் டிரைவைக் கழட்டிடறேன்.

— கழட்டாதடா. கீழ ஏதாவது சின்ன எழுத்துல வந்திருக்கா? ஒரு எழுத்து விடாம படி.

— குரல் கோப்பு கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? அப்போ ஓடுதுடா.

— எங்க ஓடுது? கல்லு மாதிரி கிடக்கு.

— குரலைத் தேடுற வரைக்கும் அவ வந்துட்டான்னா புராசசரைத் தாண்டிட்டான்னு அர்த்தம். அஞ்சு மாசமா அங்க இடறி விழுவாளோன்னுதான் எனக்குத் தூக்கமே இல்ல. பென் டிரைவ்ல குரல் ஃபோல்டர் ஒண்ணு இருக்கும், அதுக்கு என்ன பேரு போட்டிருக்கேன்?

— குரல் ரெண்டு.

— என் தப்புதான். ரெண்டை அழிச்சிட்டு, குரல்னு மட்டும் விடு. மறுபடி ஓட்டு.

— மேடம், மேனேஜர் வாசல்ல செருப்பைத் தட்டிக்கிட்டு நிக்கறாரு.

— நிக்கட்டும். ஓட்டுடா.

— வாயாடி தயார். திரையில் இரண்டு சாளரங்கள் உள்ளன. முதல் சாளரம், இன்றைய சலுகை விலை.

— பேசிட்டா. டேய், பேசிட்டாடா. மூச்சே வாங்காம, எவ்வளவு தெளிவா பேசறா கேட்டியா? பட்டனைத் தட்டின அந்த நொடியே பேசறாளே.

— மேனேஜர் உள்ள வந்துட்டாரு மேடம்.

— நல்லதாப் போச்சு, பில்லுல கையெழுத்துப் போட ஆள் வேணும்ல. புதுசையே கட்டுங்க. நாப்பது பேருக்கும் இன்னைக்கே போன் பண்ணணும். ஏண்டா, மூக்கை உறிஞ்சறே? நீ சொன்னதைக் கேக்கலேன்னு வருத்தமா?

— வருத்தம் இல்லக்கா. கப்பல்ல எலெக்ட்ரீஷியன் வேலை கிடைச்சிருக்கு, இருபதாம் தேதி ஏறினா பத்து மாசம் உனக்குத் திரையைப் படிச்சுச் சொல்ல நான் இருக்க மாட்டேன். அதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான், கட்டாயம் பேசும்னு தெரிஞ்ச பழசையே வாங்குன்னு அத்தனை தடவை சொன்னேன்.