கழுவாமல் விட்ட கொழுப்பு

ஹலோ... ஹலோ அத்தை, நான்தான்... உங்க மருமகதான், வேற யாரு... இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல... உங்க பையன் ஆபீஸ்ல நல்லாத்தான் இருக்கார். குழந்தை ஸ்கூல்ல இருக்கா... அழலை அத்தை, சிரிக்கிறேன். மூச்சு வாங்குதில்ல, அதான் அப்படிக் கேக்குது. லேப்ல இருந்து பேசறேன். உங்ககிட்ட ஒரு அவசரமான விஷயம் கேக்கணும். நேத்து காலையில எனக்குப் போன் பண்ணீங்களே, ஞாபகம் இருக்கா?...

ஆமா... ஆமா... நாப்பது நிமிஷம், சரி... ஆமா, நான் ஒழுங்கா பேசலைதான்... ஒத்துக்கறேன் அத்தை, வெறும் 'உம்' கொட்டினேன், அதையும் அரைகுறையா கொட்டினேன். கோவப்படறதை அப்புறம் வெச்சுக்கலாம், எனக்கு இப்ப நேரமில்ல. நீங்க பேசிட்டு இருந்தப்போ நடுவுல 'ஒரு நிமிஷம் அத்தை'ன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்?...

கிண்டல் இல்ல அத்தை... சத்தியமா இல்ல... குத்திக் காட்டலை... ஐயோ, நீங்க என்னை வையறதா இருந்தாலும் எண்ணிட்டு வைங்க.

சரி, ஆரம்பத்துல இருந்தே சொல்லிடறேன். இல்லன்னா இவளுக்கு மறை கழண்டுடுச்சுன்னு உங்க பையனுக்குப் போன் போட்டுடுவீங்க... சுருக்கமாத்தான். நம்ம உடம்புல செல் செல்லா இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்கல்ல?... அதேதான். ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் மெல்லிசா ஒரு தோல். அது எதால ஆனதுன்னு நினைக்கிறீங்க?... இல்ல. கொழுப்பு... ஆமா, டாக்டர் உங்களைக் குறைக்கச் சொன்னாரே, அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. பாஸ்போலிப்பிட்னு பேரு. பேரை விடுங்க. அதுக்கு ஒரு தலை, ரெண்டு வால். தலைக்குத் தண்ணின்னா உசிரு, வாலுக்குத் தண்ணின்னாலே ஆகாது. அதனால வாலெல்லாம் உள்ள, தலையெல்லாம் வெளியன்னு ரெண்டு வரிசையா நெருக்கியடிச்சு நிக்கும்... அதே, ஆபீஸ் நேரத்து பஸ் மாதிரி. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல புரதம் நிக்கும். கண்டக்டர்னு வெச்சுக்கோங்க. யாரை ஏத்தணும், யாரை இறக்கணும்னு அதுதான் பார்க்கும். நான் ஆராயற புரதம் உப்பை வெளிய இறைக்கிற பம்ப்...

இல்ல, பிளம்பர் வேலை இல்ல அத்தை. பதினோரு வருஷமா அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தீங்களா?...

கேளுங்க. அந்தப் புரதத்தை வெளிய எடுக்கணும்னா சுத்தி இருக்கற கொழுப்பைக் கரைக்கணும். எதுல கரைப்போம்?... சோப்பு, கரெக்ட். எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கிற அதே கதைதான், சோப்பு மட்டும் விலை ஜாஸ்தி. அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாய். அடியில திறந்து மூட ஒரு திருகு, உள்ள பொடி மணியா ஒரு பொருள். அதுல என் புரதம் மட்டும் போய் ஒட்டிக்கும். மத்த குப்பை போற வரைக்கும் சோப்புத் தண்ணி ஊத்தி அலசணும். அஞ்சு தடவை. மூணு வருஷமா நான் அஞ்சு அஞ்சு தடவை அலசறேன். ஒவ்வொரு தடவையும் பளிச்சுனு சுத்தமா வரும், ஒவ்வொரு தடவையும் பிணமாத்தான் வரும்... ஆமா, உயிர் இருக்கான்னு பார்க்க வழி இருக்கு. எடுத்த புரதத்தைச் சின்னச் சோதனைக் குழாய்ல விடுவோம், பம்ப் ஓடினா அதுல இருக்கற தண்ணி நீலமாகும். மூணு வருஷத்துல ஒரு நாள்கூட ஆகல.

இன்னைக்குக் காலையில ஆச்சு அத்தை.

நீலம்... ஆமா, நீலம்... நல்ல நீலம், பேனாவுக்கு ஊத்துற இங்க் கணக்கா... நான் முதல்ல நம்பல. புரதமே போடாம ஒரு குழாய் வெச்சேன், தண்ணி மாதிரியே நிக்குது. பம்பை நிறுத்தற மருந்தைப் போட்டு இன்னொண்ணு வெச்சேன், அதுவும் தண்ணி மாதிரி. அப்ப நீலம் நிஜம். தலைகால் புரியல எனக்கு. காரிடார் முழுக்க ஓடிட்டு வந்தேன், நாப்பத்தி ரெண்டு வயசுல. பெருக்கிட்டு இருந்தவர் எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னு நினைச்சு வாளியைத் தூக்கிட்டு வந்துட்டார்.

அப்புறம் உக்காந்து யோசிச்சேன், நேத்து மட்டும் என்ன வித்தியாசமா செஞ்சேன்னு. அப்பத்தான் உறைச்சது. நேத்து நான் அஞ்சு தடவை அலசவே இல்ல. காதுக்கும் தோளுக்கும் நடுவுல நீங்க இருந்தீங்க. எண்ணிக்கை விட்டுப்போச்சு, நோட்டுல ஒரு வரி எழுதல...

திட்டலை அத்தை, உங்களைக் கும்பிடறேன். அந்தப் புரதத்தோட உடம்புல சின்னச் சின்னதா பள்ளம் இருக்கும். நாலஞ்சு கொழுப்பு அதுல வாலைச் சொருகிட்டு உக்காந்திருக்கும். தலையால புரதத்தோட ஓரத்தைப் பிடிச்சுக்கும், பிளஸ்ஸும் மைனஸும் காந்தமா ஒட்டிக்கற மாதிரி. ஊர்ப்பட்ட கொழுப்பு போனாலும் பரவாயில்ல, அந்த நாலஞ்சு போச்சுன்னா புரதம் தள்ளாடும், நெளியும், பம்ப் நின்னுடும். நான் மூணு வருஷமா அதுங்களையும் சேர்த்து அலசித் தள்ளியிருக்கேன். குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே கொன்னிருக்கேன்...

ஆமா, என்கிட்ட இவ்வளவு நாளா கொழுப்பு பத்தலை. சொல்லிக்கோங்க, இன்னைக்கு நீங்க என்ன சொன்னாலும் இனிக்குது.

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. மூணு மணிக்கு சார் வர்றார்... பெரிய சார், என் தலைவர். இந்தப் புரதத்தை மூட்டை கட்டிடும்மான்னு போன வாரமே சொல்லிட்டார். என் மேஜையையும் ஃப்ரீசர்ல என் தட்டையும் இன்னைக்கு வேற ஒருத்தருக்குக் கொடுக்கறதா முடிவு... உங்க பையன்கிட்ட சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை. வாய் வரலை அத்தை... காலையில நீலத்தைத் தூக்கிட்டு அவர் ரூமுக்கு ஓடினேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா இருக்கும், இன்னொரு தடவை நீலம் காட்டு, இன்னொரு வருஷம் தர்றேன்னுட்டார். நேத்து கரைச்சதுல பாதியை அலசாம மிச்சம் வெச்சிருந்தேன், ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். அது இப்போ அந்தக் கண்ணாடிக் குழாய்ல நிக்குது. ரெண்டு தடவை அலசிட்டு, திருகை மூடிட்டு, உங்களுக்குப் போன் போட்டேன். மூணாவது ஊத்தணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. கம்மியா அலசினா குப்பை நிக்கும், அதிகமானா அந்த நாலஞ்சும் போயிடும். நேத்து ஒவ்வொரு தடவை ஊத்தறப்பவும் உங்ககிட்ட 'ஒரு நிமிஷம்'னு கேட்டுட்டுத்தான் ஊத்தினேன், அது மட்டும் நிச்சயம். இப்ப எண்ணுங்க...

ம்... லிஃப்ட் ரிப்பேர்காரன் வரலைன்னு சொன்னப்ப ஒண்ணு... சரி... மருந்துக்கடைக்காரர் மாத்திரையை மாத்திக் கொடுத்தது... முக்கியமான இடத்துல வெட்டிட்டேனா... மன்னிச்சுக்கோங்க. அது ரெண்டு. அப்புறம்?... அப்புறம் இல்லையா? நிச்சயமா?... 'அவமானத்தை யாராவது எண்ணாம விடுவாங்களா'வா... அத்தை, நீங்க ரோஷக்காரியா இருக்கறது இந்தக் குடும்பத்துக்குக் கிடைச்ச வரம். ரெண்டு. ரெண்டேதான். அப்ப மூணாவது ஊத்த வேண்டாம்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவதுக்கு அப்புறம் திருகை மூடிட்டு சின்னக் குப்பிங்களுக்கு லேபிள் ஒட்டிட்டு இருந்தேன். உங்க போனை வெச்சதும்தான் திறந்தேன். அதுவரைக்கும் எவ்வளவு நேரம் மூடி வெச்சிருந்தேன்னு தெரியணும். சோப்புத் தண்ணி உள்ளயே நிக்க நிக்க கொழுப்பு கரைஞ்சுட்டே இருக்கும். மருந்துக்கடைக்கு அப்புறம் நாம என்ன பேசினோம்?...

ஒண்ணும் இல்லன்னா?... ஏன் குரல் இறங்குது?... நீங்களும் பேசலையா?... பன்னிரண்டு நிமிஷமா?... எப்படி அவ்வளவு துல்லியமா... பதினொண்ணு நாப்பதுல இருந்து பதினொண்ணு அம்பத்திரண்டு... சுவர்க் கடிகாரத்தையே பார்த்துட்டு இருந்தீங்களா? எதுக்கு அத்தை?...

என்கிட்டயா... ஒரு கேள்வி கேட்டீங்களா...

நான் யோசிக்கறேன்னு நினைச்சீங்களா... நடுவுல ரெண்டு மூணு தடவை 'உம்' வேற சொன்னேனா. அப்ப நீங்க ஒண்ணுமே பேசாததுக்கு நான் உம் கொட்டியிருக்கேன்... நீங்க போனை வெக்கவும் இல்ல... கடைசியில நான் என்ன சொன்னேன்?... 'சரிங்க அத்தை, அப்புறம் பேசறேன்'... அது எந்தச் சரின்னு நேத்துல இருந்து...

அத்தை, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். எனக்குக் கேக்கலை. உங்க கேள்வி என் காதுலயே விழலை. வெக்கமா இருக்கு எனக்கு... இப்பக் கேளுங்க. இப்பவே கேளுங்க, ரெண்டு காதும் இங்கதான் இருக்கு...

ஏன் வேண்டாம்?... 'முதல்ல உன் குழாயைப் பாரு'ன்னா... கேள்வி எங்கயும் ஓடிடாதுன்னு நீங்க சொல்றீங்க, ஆனா... சரி. சரிங்க. மூடி பதினொண்ணரை நிமிஷம் ஆச்சு. வெச்சுடாதீங்க, ஸ்பீக்கர்ல போட்டு மேஜைமேல வெக்கறேன்... திருகைப் பிடிச்சுக்கிட்டேன்...

பன்னிரண்டு. திருகைத் திறந்துட்டேன்... சொட்டுது... இறங்கிடுச்சு. இப்பப் புரதத்தைக் கழட்டி எடுக்கறேன்... எடுத்தாச்சு. சோதனைக் குழாய்ல விட்டாச்சு. புரதம் இல்லாதது, மருந்து போட்டது, அந்த ரெண்டு குழாயும் பக்கத்துல இருக்கு. இனி அஞ்சு நிமிஷம், என் கையில ஒண்ணும் இல்ல...

நீங்களும் எதாவது பேசுங்களேன்... சரி, பேசாமலே இருங்க. இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்...

தண்ணி மாதிரியேதான் இருக்கு... இன்னும் இல்ல... மூணு நிமிஷம் ஆச்சு... ஒண்ணும் இல்ல அத்தை... பரவாயில்ல, விடுங்க, மேஜைதானே, போனா... இருங்க. இருங்க இருங்க. அடியில என்னமோ... வெளிச்சத்துல பிடிக்கறேன்... என் கண்ணு ஏமாத்துதா... இல்ல, வருது. அத்தை, வருது. மெதுவா மேல ஏறுது... நீலம்... மத்த ரெண்டும் தண்ணி மாதிரி, இது மட்டும் நீலம்... கை தட்டறீங்களா? கேக்குது, நல்லா கேக்குது. தட்டுங்க...

சார், வாங்க சார். பாருங்க... இதோ, இதுல புரதம் இல்ல, இதுல மருந்து... ஆமா சார், ரெண்டே அலசல், பன்னிரண்டு நிமிஷம் நிறுத்தம்... அது... போன்ல மாமியார் சார். லேப்ல போன் கூடாதுன்னு தெரியும் சார். நேத்து நேரம் பார்த்தது இவங்கதான்... அத்தை, சார் உங்களுக்கு வணக்கம் சொல்றார். நோட்டை எடுத்து அவரே எழுதறார். 'அலசல் இரண்டு. நிறுத்தம் பன்னிரண்டு நிமிடம். ஆதாரம், மாமியார்.' நிஜமாவே எழுதிட்டார், கையெழுத்தும் போட்டுட்டார். ஒரு வருஷம் அத்தை. ஒரு வருஷம் கொடுத்துட்டார்...

சார், மத்த கேள்வியெல்லாம் அப்புறம் சார். இவங்க நேத்துல இருந்து காத்துட்டு இருக்காங்க.

இப்பச் சொல்லுங்க அத்தை... உம்... இல்ல, இந்த 'உம்' நிஜமான உம். சொல்லுங்க... மூணு மாடி... லிஃப்ட் இனிமே வரவே வராதுன்னுட்டாங்களா... முட்டி வீங்கிடுச்சா, யார்கிட்டயும் ஏன் சொல்லலை... நாலு நாளா கீழ இறங்கவே இல்லையா... உம்... 'நான் உங்ககூட வந்து இருந்துக்கட்டுமா'ன்னா கேட்டீங்க...

என்கிட்ட ஏன் முதல்ல?... பையன் யோசிக்காம சரின்னுடுவான், யோசிச்சு சொல்றவ நீதான்னு... அத்தை...

வாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும்லாம் எதுக்கு, நாங்க நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போறோம்... யோசிக்கலைதான். இதுல யோசிக்க என்ன இருக்கு... என்னது, எத்தனை நாளைக்கா? அத்தை, ரெண்டு அலசலை எண்ணத் தெரியாம உங்களுக்குப் போன் போட்டவ நான். உங்க நாளை உக்காந்து எண்ணுவேனா?...

ஹலோ... அத்தை?... ஹலோ?...

இல்ல சார், லைன் கட் ஆகலை. அவங்களுக்குப் பதில் கிடைச்சிருச்சு, வெச்சுட்டாங்க.