ஈரமில்லாத அறை

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. பால் திரியப் போவது எங்கள் வீட்டில் எனக்குத்தான் முதலில் தெரியும். இந்த மூக்கை வைத்துக்கொண்டு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் ஆயா வேலை பார்த்தேன் என்றால், அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உங்களுக்கே புரியும், ஐயா.

மூன்றாம் அறை என் பொறுப்பு. நான்கு பெண்கள். யாராலும் தானாக எழுந்து நிற்க முடியாது. காலையில் கதவைத் திறந்ததும் மூத்திர வாடை கண்ணைக் கரிக்கும். ரப்பர் ஷீட்டின் மடிப்பில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் விரல் இடுக்கில் அதே வாடை. முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டேன். கடவுளைக் கும்பிட்டுவிட்டு நால்வருக்கும் தலை வாரி, பவுடர் போட்டு, கன்னத்தைத் தட்டிக் கொடுப்பேன். மனிதருக்கு மனிதர் செய்ய முடிந்தது சின்னச் சின்ன அன்புதான் என்று நம்புகிறவள் நான்.

அவர்கள் குடிக்கும் தண்ணீரைக் குறைக்க யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அன்று மாலை விரிப்புகள் காய்ந்திருந்தன. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மாத்திரையோடு இரண்டு மடக்கு, சாப்பாட்டோடு இரண்டு மடக்கு என்று வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஜக்குகளை அலமாரியின் மேல் ஏற்றினேன். இரவு ஆயா ஏன் என்று கேட்டாள். கால்களில் நீர் கோத்திருக்கிறது, டாக்டர் குறைக்கச் சொன்னார் என்றேன். நம்பினாள்.

மேட்ரன் தினமும் மாலையில் விரிப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒரே வாரத்தில் மற்ற ஆயாக்களை அழைத்து வந்து காட்டினார்.

"மூணாம் ரூமைப் பாருங்கடி. மூக்கைப் பிடிக்காம நிக்க முடியுது. உங்களுக்கெல்லாம் என்ன கேடு?"

எனக்குப் புல்லரித்தது.

என் நால்வரில் தையல்காரம்மா மட்டும் ஒத்துப்போகவில்லை. நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவர்; வாய் கொஞ்சம் நீளம். முதலில் கிண்டல் செய்தார். "நான் என்ன தொட்டிச் செடியா? தெளிச்சுட்டுப் போறியே." மற்ற மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கெஞ்ச ஆரம்பித்தார். ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா, பொண்ணே?" என்றார். அது எனக்கு வலித்தது. அவருக்காகத்தானே இவ்வளவும் செய்கிறேன்.

அடுத்த நாள் அவருக்கு உடம்பு துடைத்தேன். தொடை இடுக்கைத் துடைத்த துணியை அவர் மார்பின் மேல் வைத்துவிட்டுச் சோப்பை எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது துணி அவர் வாயில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் இதைவிட அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. பிடுங்கினேன். அதட்டவில்லை. அன்றிலிருந்து துணியை ஒட்டப் பிழிந்த பிறகே அவர் பக்கத்தில் கொண்டுபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வந்தார். அம்மாவின் உதடு ஏன் இப்படி வெடித்திருக்கிறது என்று கேட்டார். வயதானால் அப்படித்தான் என்று சொல்லி வாஸ்லின் தடவிவிட்டேன்.

"இவ தண்ணி தர மாட்டேங்குறா" என்றார் தையல்காரம்மா.

மகளை வாசல் பக்கம் அழைத்துப்போய், செத்துப்போன அப்பா காலையில் வந்து பேசிவிட்டுப் போனதாகவும் அம்மா சொல்கிறார் என்றேன். தையல்காரம்மா அப்படிச் சொன்னதே இல்லை. மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா அம்மா நாறிப்போயிருப்பாங்க, அக்கா."

செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா தண்ணீர் கேட்கவில்லை. நான் பக்கத்தில் போகும்போதெல்லாம் வாயை மட்டும் திறந்தார். நாக்கு பழுப்பாக, செருப்புத் தோல் போல இருந்தது. அலமாரியின் மேல் ஜக் நிறையத் தண்ணீர் இருந்தது. கையைத் தூக்கினால் எட்டும். இன்றைக்குக் கொடுத்தால் இத்தனை நாள் பழக்கியது வீணாகிவிடும் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு நாளில் வாய் திறப்பதும் நின்றுவிடும் என்றும் நினைத்தேன். மதியமே மூச்சு நின்றது.

டாக்டர் உங்களிடம் சொன்னது சரிதான். அவர் தாகத்தில் செத்தார். கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

மற்ற மூவருக்கும் இப்போது கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுக்கிறார்களாம். பாவம், நனைந்த விரிப்பில் எப்படித்தான் தூங்குகிறார்களோ.