வலது சீசா

போலி மருந்தா? அதெல்லாம் இல்லீங்க முதலாளி. மலைக்காய்ச்சக் கொசுவுக்கு ஊரு பூராம் அடிக்கிற அதே வெள்ளைப் பொடிதான். மூணு நாளா உங்க வீட்டுக் கட்டிலு, மெத்தை, பிரம்பு நாற்காலி ஒண்ணு விடலை. ஆமா, மூட்டைப்பூச்சி சாகலைதான். திட்டுங்க. நாளைக்குத் தேவாரத்துலருந்து உங்க பாப்பாவப் பேசி முடிக்க மாப்ளை வீட்டாளுக வந்து எறங்கப் போறாங்க, நீங்க திட்டாம என்ன செய்வீங்க.

அதுக்குத்தான் இந்த ரெண்டு சீசாவையும் கொண்டாந்தேன். செத்த பாருங்க. இடது கையில இருக்கிறது சிலமலையில என் தங்கச்சி வீட்டுக் கட்டில்ல பிடிச்ச பூச்சி. வலது கையில உங்க வீட்டுப் பூச்சி. நேத்துக் காலையில ரெண்டுக்கும் ஒரே பொடி, ஒரே அளவு. இடது சீசாவுல அம்புட்டும் மல்லாந்து கிடக்கா? வலதுல? அட, நடக்குதுல்ல. துன்னூறு பூசிக்கிட்டுக் கோயிலச் சுத்துற மாதிரி.

பழகிப்போச்சா? அங்கதான் தப்பாச் சொல்றீங்க. ஒரு பூச்சியும் பழகலை. நூறு பூச்சி மேல பொடியப் போட்டா தொண்ணூத்தஞ்சு சாகும். அஞ்சு சாகாது. அது பொறப்பே அப்பிடி. செத்தது முட்டை வைக்காது, பொழைச்சதுதான வைக்கும்? அந்தக் குஞ்சுக மேலயும் போடுங்க. மறுபடி தாங்குனதுதான் மிஞ்சும். இப்பிடிப் பதினஞ்சு தலைமுறை போனா சீசா பூராம் வேற வகையறா.

சொறியிறீங்களே, கடிக்குதா? சொல்லி முடிச்சிர்றேன், இருங்க.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஏழு வருசத்துக்கு முந்தி உங்க பள்ளிக்கூடத்துல நான் பியூனு. சயின்ஸ் ரூம்புல பழைய பொஸ்தகம் கிடக்கும், எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஒரு நா பிள்ளைகட்ட, முதுகுத்தண்டு முடியிற எடத்தைத் தொட்டுப் பாருங்கடா, வாலு இருந்த மிச்சம், உசுரு எல்லாம் மாறிமாறித்தான் வந்துச்சுன்னு சொல்லிட்டேன். நீங்க வாசல்ல நின்னு கேட்டீங்க. தேங்காநார்க் கயித்த எடுத்து என் இடுப்புல நீங்களே கட்டி, பிரேயர் நடக்குற எடத்துல மூணு சுத்து சுத்தவிட்டீங்க. உசுரு மாறும்னா என் கண்ணு முன்னால ஒண்ண மாத்திக் காட்டுறா கொரங்குன்னீங்க. பிள்ளைக அப்பிடிச் சிரிச்சுச்சுக. அன்னைக்கே சீட்டையும் கிழிச்சீங்க.

அட, ஞாபகம் வந்துருச்சே. நான்தான் அந்தப் பிச்சைமணி.

கீழ எவனும் சோலி குடுக்கலை. நானும் எம்பொஞ்சாதி கருத்தம்மாளும் ஏலக்கா எடுக்கப் போடிமெட்டுக்கு ஏறுனோம். மொத மழையிலயே அவளுக்கு மலைக்காய்ச்ச. டோலி கட்டித் தூக்கியாந்தோம், பாதிக் கொண்டையூசி வளைவு தாண்டலை. அவ போனப்பறம்தான் பொடி அடிக்கிற வேலையில சேந்தேன்.

மாறுன பூச்சி எங்கருந்து வந்துச்சா? தானா வரலைங்க. நான் வளத்தேன். மூணு வருசமா. கொஞ்சம் பொடி போடுவேன், சாகுறது சாகும். மிஞ்சுனதுக்கு எரை வேணும்ல? சீசா வாயில மல்லுத்துணியக் கட்டி என் கெண்டைக்கால்ல கவுத்திக்கிருவேன். இந்தா பாருங்க, தழும்பு. வீட்டுல வேற யாரு இருக்கா, நானும் அதுகளுந்தான.

பாப்பா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. நல்லா இருக்கட்டும். ஆனா நாளைக்குச் சம்பந்தகாரங்க சபையில வரிசையா உக்காந்து சொறியிறப்ப, பிள்ளைக சிரிக்கத்தான் செய்யும். அதை நீங்க பாக்கணும்.

எந்திரிக்காதீங்க முதலாளி, உக்காருங்க. கண்ணு முன்னால காட்டச் சொன்னீங்கல்ல? தை மாசம் ஊருக்கெல்லாம் பொடி அடிச்சப்ப இங்கயும் வந்தேனே, அப்ப மொத சீசாவத் தொறந்துவிட்டது இந்த நாற்காலியிலதான்.