நாலு கிலோ கல்

டீ நன்றாக இருக்கிறது. ஸ்டேஷன் டீ என்றால் வெந்நீராகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். குடித்து முடித்துவிட்டுச் சொல்கிறேன், ஐயா. அவசரம் ஒன்றும் இல்லை. நான் எங்கேயும் ஓடுகிறவன் இல்லை, அன்றைக்கும் ஓடவில்லை.

பெயர் முத்திருளன். வயது நாற்பத்தேழு. மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் குவாரியில் இருந்தேன். அதற்கும் முன்னால் என்று எதுவும் கிடையாது, ஒன்பது வயதிலேயே குவாரிதான். ஒரு கன அடி கிரானைட் எழுபத்தைந்து கிலோ. இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை, முதுகுக்குத் தெரியும். பின்னால் எடையைப் பற்றிப் பேச வேண்டி வரும், அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

'பூதமலை' காட்சியை நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள். மேலூர் ரோட்டில் அந்தப் பார்க் திறந்த வருஷத்திலிருந்தே நடக்கிறது. இருபது வருஷம். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் சென்னையில் இன்னும் பெரிதாக இருக்கும். பூதமலை வேறெங்கும் கிடையாது. மேடையில் ஒரு பொய்மலை. அதன் உச்சியில் பூதம் எழுந்து நிற்கும். கீழே ஒரு வெள்ளை வட்டம். கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு அந்த வட்டத்தில் நிறுத்துவார்கள். பூதம் கல்லைத் தூக்கி அவர் தலைக்கு நேராக விடும். இரும்புக் கூட்டின் மேல் ஃபைபர் ஒட்டிய கல், முந்நூறு கிலோவுக்குக் குறையாது. கம்பியில் சர்ரென்று இறங்கி, தலைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்.

நிற்கிற வரைக்கும் ஆயிரம் பேர் மூச்சு விட மாட்டார்கள். நின்றதும் எல்லாரும் ஒரே குரலில் "நின்னுருச்சு" என்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதல் வருஷமே அப்படித்தான்.

என் அப்பா குவாரியில் கல் இறங்கிச் செத்தவர். ஜாக்கி நழுவிவிட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது, இருபது அடி தள்ளி நின்றேன். கல் வருவதை அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். பிறகு எனக்கு இருபத்தேழு வயதில், மே தினத்துக்குப் பட்டறை ஆட்கள் எல்லாரையும் லாரியில் ஏற்றி அந்தப் பார்க்குக்குக் கூட்டிப் போனார்கள். அங்கேதான் ஒரு மனிதன் தலைக்கு மேலே கல் வந்து நிற்பதைப் பார்த்தேன். என்னோடு வந்தவன் அழகுபாண்டி. குவாரியில் என்னோடு ஜல்லி உடைத்தவன், பிறகு காளவாசலில் செல்போன் கடை போட்டான். நான் அழுததைப் பார்த்துவிட்டு, "ஏன்டா மாப்ள, கல்லு நின்னதுக்கு அழுகுற ஒரே ஆளு நீதான்டா" என்றான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "வா, போவோம்" என்றான்.

ரசிகர் மன்றத்தை நாங்கள் இருவரும்தான் ஆரம்பித்தோம். சினிமாக்காரர்களுக்கு மன்றம் இருக்கும்போது பூதத்துக்கு இருக்கக் கூடாதா என்று அவன்தான் கேட்டான். நான் தலைவர், அவன் செயலாளர். வாட்ஸப் குழுவில் அறுநூறு பேர். வருஷா வருஷம் பூதத்துக்குப் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் வைப்போம். மன்றத்தில் வட்டத்தில் நிற்காத ஆளே கிடையாது. அழகுபாண்டி முப்பது தடவையாவது நின்றிருப்பான். நான் நின்றதில்லை. அடியில் நின்றால் கல் நிற்பதைப் பார்க்க முடியாது. அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

போன வருஷம் காட்சியைப் புதுப்பிக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. குழுவில் எல்லாருக்கும் தூக்கம் போய்விட்டது. பேரையூரிலிருந்து மாதம் ஒரு தடவை பஸ் மாறி வருகிற ராக்கம்மாள் குரல் பதிவு போட்டது: "ஏப்பா, பூதம் இனிமே டான்ஸு ஆடுமாம்ல? ஆடுற பூதத்தப் பாக்கணும்னா எங்க வீட்டுலயே ஒண்ணு கெடக்கு, நான் எதுக்கு இம்புட்டுத் தூரம் வரணும்?" தமிழ்வாணி டீச்சர் பதினோரு கோரிக்கை எழுதினார். பூதத்தின் குரலை மாற்றக் கூடாது, கண் சிவப்பது சிவந்தபடியே இருக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கல்லுக்கு எடை இருக்க வேண்டும்.

நிர்வாகம் எங்களைக் கருத்துக் கேட்க அழைத்தது. புதுக்காட்சியைச் செய்கிற சூரியபிரகாஷ் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல பையன், எல்லாரையும் சார், மேடம் என்றார். அவர் மீது எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. புதுக்கல்லை அங்கேயே கொண்டுவந்து காட்டினார். நாலடி அகலம், முழுக்கப் பஞ்சு. விழும்போது சிவப்பாக எரிய உள்ளே ஒரு விளக்கு, அதற்கு அடியில் ஒரு ஜிப். எடை நாலே கிலோ. இனிமேல் கல் நிற்காது, தலையில் விழுந்து பந்து மாதிரி துள்ளிப் போகும், எல்லாரும் சிரிப்பார்கள் என்றார். கல்லைக் கைக்குக் கை தூக்கிப் போட்டு விளையாடினார்கள்.

நான் எழுந்து, "சார், நிக்கிறதுதான் காட்சி. விழுந்துட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அழகுபாண்டி எழுந்தான். "மாத்திக்கங்க சார். பழைய கம்பி இத்துப்போச்சு, என்னைக்காவது ஒருத்தன் தலையில இறங்கும். எங்க தலைவர் பேச்செல்லாம் கேக்காதீங்க. இருவது வருசமா பாக்குறாரு, ஒரு தடவை வட்டத்துக்குள்ள கால வச்சதில்ல. கல்லுன்னா அம்புட்டுப் பயம். இந்தப் பஞ்சுக் கல்லுன்னா ஒருவேளை நிப்பாரு. என்ன மாப்ள, நாலு கிலோ தாங்குவேல?"

எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்வாணி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நகைச்சுவையாகச் சொன்னதுதானே.

யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். மறுநாள் அதிலிருந்து ஒரு ஸ்டிக்கர் வந்தது. என் முகம், தலையில் பஞ்சுக் கல், கீழே 'நாலு கிலோ' என்று எழுத்து. சுத்தமான வேலை, காது கூடப் பிசிறில்லாமல் வெட்டியிருந்தார்கள். குழுவில் காலை வணக்கத்துக்கு அதைத்தான் போட்டார்கள். பட்டறையில் என் ஹெல்மெட்டின் மேல் யாரோ பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை ஒட்டியிருந்தார்கள். எடுத்துப் போட்டுவிட்டு மெஷினை ஓட்டினேன். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில், பையனின் சித்தப்பா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த நாலு கிலோ..." என்று நிறுத்திக்கொண்டார். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் தட்டிப்போயிற்று. இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன்.

பழைய காட்சியின் கடைசி நாள் அன்று வட்டத்தில் நான்தான் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். சட்டை கூடப் புதிது. அன்றைக்கு அழகுபாண்டி எனக்கு முந்திப் போய் வட்டத்தில் நின்றுகொண்டான். மைக்கில், "தலைவருக்கு மயக்கம் கியக்கம் வந்துரும், நான் நின்னுக்கிறேன்" என்றான். கல் வந்தது, ஒரு சாணில் நின்றது. அன்றைக்கு "நின்னுருச்சு" என்று என் வாயில் வரவில்லை.

புதுக்காட்சியை ரசிகர்களுக்கு மட்டும் முதலில் காட்டுவதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு காலை, பத்து மணி. மன்றத்தின் சார்பில் ஒரு கல்வெட்டு தருகிறோம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். சந்தோஷப்பட்டார்கள். பட்டறையிலேயே அறுத்தேன். 'பூதமலை ரசிகர் மன்றம்' என்று எழுத்து வெட்டிய பலகை ஒன்று. அதை நிறுத்தி வைக்கப் பீடம் ஒன்று, ஓரடிக்கு ஓரடி, அரை அடி கனம். முப்பத்தேழரை கிலோ. பீடத்தையும் பாலிஷ் போட்டேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கம் இல்லை.

மேலே கல்லைத் தூக்குகிற மோட்டார் எவ்வளவு தாங்கும் என்று சூரியபிரகாஷிடம் முன்பே கேட்டிருந்தேன். "எண்பது கிலோ வரைக்கும் தாங்கும் சார். பாதுகாப்புக்காகக் கூடுதலாவே வச்சிருக்கோம்" என்றார். அந்தப் பையனுக்கு இதில் வேறு பங்கு எதுவும் இல்லை. தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் பொங்கல், வடை. நான் கல்வெட்டை இறக்கிவைக்கிறேன் என்று மேடைக்குப் பின்னால் போனேன். பஞ்சுக் கல் கொக்கியில் மாட்டித் தரையில் கிடந்தது. ஜிப்பைத் திறந்தேன், விளக்கை ஓரமாக நகர்த்தினேன், பீடத்தை வைத்து மூடினேன். அடிப்பக்கம் வைத்தேன். மேல்பக்கம் வைத்திருந்தால் பஞ்சு கொஞ்சம் தாங்கியிருக்கும். தெரிந்துதான் அடியில் வைத்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை கழுவிவிட்டு வந்து நானும் பொங்கல் சாப்பிட்டேன். ராக்கம்மாள் தன் இலையிலிருந்து ஒரு வடையை என் இலையில் வைத்தது.

பத்து மணிக்குச் சூரியபிரகாஷ் மைக்கை எடுத்தார். "முதல் மரியாதை மன்றத் தலைவருக்குத்தான். முத்திருளன் சார், வட்டத்துக்கு வாங்க."

கூட்டம் "நாலு கிலோ, நாலு கிலோ" என்று கத்தியது. இதை நான் எதிர்பார்த்திருந்தேன். மேடை ஏறி மைக்கை வாங்கினேன். "எனக்கு முன்னால என் மாப்ள நிக்கட்டும். இந்தக் காட்சி மாறுனதே அவன் சொல்லித்தான். அவனுக்குத்தான் அந்த உரிமை" என்றேன். கை தட்டினார்கள். அழகுபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவன் மகள் அஸ்வினி முதல் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

அவன் நேராக வட்டத்துக்குப் போகவில்லை. என்னிடம் வந்து மணிக்கட்டைப் பிடித்தான். என் கையிலிருந்த மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

"மாப்ள, நீயும் வாடா. ரெண்டு பேருமா நிப்போம். பயமா இருந்தா கண்ணப் பொத்திக்கிறேன், அன்னைக்கு மாதிரி."

இதைச் சொல்ல விட்டுப்போய்விட்டது. அப்பா மீது கல் இறங்கியபோது, பின்னாலிருந்து என் கண்ணைப் பொத்தியவன் அழகுபாண்டி. அவனுக்கும் அப்போது பதினொரு வயது. அவன் கண்ணைப் பொத்த ஆள் இல்லை, அவன் முழுவதையும் பார்த்தான்.

"நீ நில்லு மாப்ள" என்றேன். "நான் பாக்கணும்."

அவன் கையை விடவில்லை. "அந்த ஸ்டிக்கரு கிக்கரு எல்லாம் எவனோ செஞ்சதுடா. கடைசி நாளு நான் முந்திக்கிட்டதும் வேற எதுக்கும் இல்ல. அந்தக் கம்பிய நம்பி உன்னைய விட எனக்கு மனசு வரல. எம் மேல கோவமா மாப்ள?"

"இல்லடா" என்றேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையை எடுத்துக்கொண்டேன். அவன் சிரித்துக்கொண்டே போய் வட்டத்துக்கு நடுவில் நின்று, மகளைப் பார்த்துக் கையசைத்தான்.

பூதம் எழுந்தது. புதுக் குரல், சகிக்கவில்லை. கல்லைத் தூக்கும்போது மோட்டார் ஒரு தடவை முனகியது. அதை நான் மட்டும்தான் கவனித்திருப்பேன். மேலே போய் நிற்க ஆறு நொடி, பூதம் பேச ஒன்பது நொடி. பதினைந்து நொடி என் கையில் மைக் இருந்தது. ஆன் ஆகித்தான் இருந்தது.

சத்தம் சரியாக இருந்தது. கல் விழுந்தால் வரும் சத்தம். முதலில் கூட்டம் சிரித்தது, துள்ளும் என்று எதிர்பார்த்து. துள்ளவில்லை. பிறகு அத்தனை பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால், மே தினத்தன்று நான் கேட்ட அதே அமைதி. அஸ்வினி கத்தத் தொடங்கியபோது அது கலைந்துபோயிற்று. நான்தான் மைக்கில் ஆம்புலன்ஸுக்கு வழி விடச் சொன்னேன்.

புதுக்காட்சியை நிறுத்திவிட்டார்கள் என்று ஏட்டையா சொன்னார். பழையதையே கொண்டுவரச் சொல்லி மன்றத்தில் பேச்சு ஓடுகிறதாம். கொண்டுவந்தால் கம்பியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஆள் நிற்கிற இடம்.

நீங்கள் டைப் செய்ததைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் 'முன்விரோதம் காரணமாக' என்று போட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவன் மீது எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. அவனே வாய்விட்டுக் கேட்டான், இல்லை என்று சொன்னேன். கால் நிமிஷத்தில் சாகப்போகிற ஒருத்தனிடம், ஐயா, நான் எதற்காகப் பொய் சொல்லப்போகிறேன்?